சோயா உணவு: அஞ்ச வேண்டியதா, அறிந்து உண்ண வேண்டியதா?

எங்கள் நாளமில்லாச் சுரப்பியியல் புறநோயாளர் பிரிவில் உணவைப் பற்றி எழும் கேள்விகளில் சோயாவைப் பற்றியவை அண்மைக் காலமாகப் பெருகியுள்ளன. தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் மகன் நாள்தோறும் மீல் மேக்கர் சாப்பிடுகிறானே என்று கவலைப்படும் பெற்றோர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தவர்கள், குழந்தைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தம்பதியர் எனப் பலரும் ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்புகின்றனர்: சோயா உடலுக்குத் தீங்கு செய்யுமா?

சிலர் கேட்பதோடு நிற்பதில்லை. எங்கோ கேள்விப்பட்டதை நம்பிச் சோயாவை அறவே நிறுத்திவிட்டுத்தான் மருத்துவரிடம் வருகின்றனர். சைவ உணவு மட்டுமே உண்ணும் குடும்பங்களில், நிறுத்திய சோயாவுக்கு ஈடாக வேறு புரத உணவு எதுவும் தட்டுக்கு வருவதில்லை. நோயிலிருந்து உடல் தேறவேண்டிய காலத்தில் இது சிறிய இழப்பாகாது. ஆகவே இந்த ஐயத்துக்குத் தெளிவான விடை தேவைப்படுகிறது.

சோயாவில் என்ன இருக்கிறது?

சோயா, துவரை, உளுந்து, கடலை ஆகியவற்றைப் போன்றதொரு பயறு வகை. கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்டது. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் நூற்றாண்டுகளாக அன்றாட உணவாக இருந்து வருகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் இதனைப் பெருமளவில் விளைவிக்கின்றன. நம் சமையலறைக்கு இது பெரும்பாலும் மீல் மேக்கராகவே வந்து சேர்ந்தது. எண்ணெய் பிழிந்தெடுத்த பின் எஞ்சும் சோயா மாவை அழுத்திச் செய்யப்படும் துண்டுகளே மீல் மேக்கர். சோயா பால், டோஃபு, சோயா மாவு, சோயா சாஸ், சமையல் எண்ணெய் ஆகியவை அதன் பிற வடிவங்கள்.

துவரம் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. முழுச் சோயாப் பயற்றில் இது 36 கிராமுக்கு மேல். உலர்ந்த மீல் மேக்கரில் 50 கிராமைத் தாண்டும். ஊறவைத்த மீல் மேக்கர் நீரை உறிஞ்சி எடை கூடிவிடுவதால், இக்கணக்கை உலர்ந்த எடைக்கே கொள்ள வேண்டும். ஒருவருக்கு 25 கிராம் உலர்ந்த துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதில் கிடைக்கும் புரதம் சுமார் 13 கிராம். இரண்டு முட்டைகளுக்குச் சமம். உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் இதில் போதிய அளவில் இருப்பதால், தரத்திலும் சோயாப் புரதம் பால், முட்டைப் புரதங்களுக்கு அருகில் நிற்கிறது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

சோயாவில் ஐசோஃபிளேவோன் எனப்படும் தாவரப் பொருள்கள் உள்ளன. இவற்றுள் ஜெனிஸ்டீன், டைட்சீன் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவற்றின் வடிவம் பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்திருப்பதால், தாவர ஈஸ்ட்ரோஜன் என்று பெயர் பெற்றன. அச்சத்தின் வேர் இந்தப் பெயரில்தான் உள்ளது.

நம் உடலில் ஈஸ்ட்ரோஜன் இயங்குவதற்கான ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும். மனித ஈஸ்ட்ரோஜன் இரண்டோடும் வலுவாக இணைகிறது. ஐசோஃபிளேவோன்களோ பெரும்பாலும் பீட்டா ஏற்பியையே நாடுகின்றன. அவற்றின் ஆற்றலும் மிகக் குறைவு. சில திசுக்களில் இவை ஈஸ்ட்ரோஜனைப் போன்று மெல்லச் செயல்படக்கூடும். வேறு சில திசுக்களில் அதற்குத் தடையாகவும் நிற்கக்கூடும். எனவே சோயா உண்பதை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விழுங்குவதற்கு ஒப்பிடுவது பொருந்தாது.

1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைத் தீவனப் புல்லை மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. அந்தப் புல்லில் இருந்த ஐசோஃபிளேவோன்களே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அந்த ஆடுகள் ஏறத்தாழ அந்தப் புல்லை மட்டுமே தின்று வாழ்ந்தன. அவற்றின் இரைப்பை அப்பொருளை மாற்றும் விதமும் வேறு. எலிகளும் சுண்டெலிகளும் ஐசோஃபிளேவோன்களைக் கையாளும் முறையும் மனித உடலின் முறையிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே விலங்குகளில் கண்டதை நேராக மனிதர்மீது ஏற்றிச் சொல்ல இயலாது; மனிதர்களிடம் செய்த ஆய்வுகளையே நாம் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு

சோயா உண்ணும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறையும், மார்பு பெருக்கும் என்பது பரவலான அச்சம். இது குறித்து நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பகுப்பாய்வுகள் 2010ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சோயா உணவோ ஐசோஃபிளேவோனோ ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைக்கவில்லை என்பதே இரண்டின் முடிவும்.

அவ்வாறாயின் மார்பு பெருத்ததாகச் சொல்லப்படும் செய்தி பொய்யா? பொய்யன்று. 2008ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் 60 வயது ஆண் ஒருவரின் நிலை பதிவாயிற்று. அவர் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால் அருந்தி வந்தார். நிறுத்தியதும் மார்பின் வலி நீங்கியது; ஹார்மோன் அளவும் சீரடைந்தது. எந்த உணவும் அந்த அளவில் உணவாக இராது என்பதுதான் இதிலிருந்து நாம் பெறும் பாடம். வாரத்தில் சில நாள் மீல் மேக்கர் குருமா உண்பவருக்கு இந்நிகழ்வு பொருந்தாது.

விந்தணுக்களைப் பற்றி 2008ஆம் ஆண்டில் 99 ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, சோயா மிகுதியாக உண்டோரின் விந்தணுச் செறிவு குறைந்திருந்ததாகக் கூறியது. ஆனால் விந்தணுவின் அசைவிலும் வடிவத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சை பெற்ற தம்பதியரிடம் பின்னர் நடந்த ஆய்வில், ஆணின் சோயா உணவுக்கும் கருவுறுதலின் வெற்றிக்கும் தொடர்பு காணப்படவில்லை. விந்தணுக் குறைவு உள்ளவர் புகையிலை, மது, உடற்பருமன், கட்டுப்பாடற்ற நீரிழிவு, தாமாக வாங்கிப் போடும் ஹார்மோன் ஊசிகள் ஆகியவற்றை முதலில் நோக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் அந்த ஊசிகள் ஆண்மைக்கு இழைக்கும் கேடு உறுதியானது.

மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு

மிகுந்த துயரத்தை விளைவிக்கும் ஐயம் இதுவே. மனிதப் புற்றணுக்களைப் பொருத்திய சுண்டெலிகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வளர்ந்ததாகச் சோதனைகள் காட்டின. அதனால் சோயா தடை செய்யப்பட வேண்டிய உணவு என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது.

பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் விடை வேறு. சீனாவின் ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய் கண்ட 5042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோயா அதிகம் உண்ட பெண்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. டாமாக்ஸிஃபென் மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் சோயாவால் கேடு நேரவில்லை. இத்தகைய ஆய்வு, சோயாதான் காத்தது என்று மெய்ப்பிப்பதில்லை. சோயா உண்டோரின் பிற பழக்கங்களும் நன்றாக இருந்திருக்கலாம். ஆயினும் தீங்கு என்ற அச்சத்துக்கு அதில் ஆதாரமில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவுகளை உண்ணலாம் என்றே கூறுகிறது.

இங்கு ஒரு வரம்பு உண்டு. மேற்சொன்னவை உணவுக்கே பொருந்தும். மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்ப உணர்வுக்கென விற்கப்படும் ஐசோஃபிளேவோன் மாத்திரைகள் செறிவூட்டப்பட்டவை. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் தம் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலின்றி அவற்றை உட்கொள்ளலாகாது.

தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு

இங்கே இரு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, சோயா தைராய்டைக் கெடுக்குமா என்பது. அயோடின் சேர்க்கப்படாத சோயா மாவுப்பாலை மட்டுமே அருந்திய சில குழந்தைகளுக்குக் கழுத்துக் கழலை தோன்றியதாக 1960களுக்கு முன் செய்திகள் வந்தன. மாவுப்பாலில் அயோடின் சேர்க்கப்பட்டதும் அச்சிக்கல் தீர்ந்தது. அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் நலமான ஒருவரின் தைராய்டு ஹார்மோன் அளவுகளைச் சோயா உணவு குறைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டிஎஸ்எச் அளவில் மட்டும் சிற்றுயர்வு தென்படலாம்.

இரண்டாவது, தைராய்டு மாத்திரையின் வேலையைச் சோயா தடுக்குமா என்பது. இதற்கு விடை: ஆம், சேர்ந்து உட்சென்றால் தடுக்கக்கூடும். லெவோதைராக்ஸின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கிறது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் இதையே செய்கின்றன. எனவே தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம் கழித்துக் காலை உணவு உண்ணுங்கள். சோயா உணவை மதியத்துக்கோ இரவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சோயாவை நாள்தோறும் உண்ணத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரங்களில் டிஎஸ்எச் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோயாவை விட்டுவிட்டதால் மாத்திரை தேவையில்லை என்று எண்ணி அதை நிறுத்துவது பேரிடர்.

இதயத்துக்கு நன்மை உண்டா?

அச்சத்தைப் போலவே புகழ்ச்சியும் அளவு கடந்துள்ளது. நாள்தோறும் 25 கிராம் சோயாப் புரதம் இதய நோயைக் குறைக்கக்கூடும் என்று விளம்பரம் செய்ய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999ஆம் ஆண்டில் இசைவளித்தது. பின்வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசாததால், அந்த இசைவைத் திரும்பப் பெற 2017ஆம் ஆண்டில் அதுவே முன்மொழிந்தது. சோயாப் புரதத்தால் கெட்ட கொழுப்பு 3 முதல் 4 விழுக்காடு குறையலாம். இது சிறு நன்மையே. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கு மாற்றாகச் சோயாவைக் கொள்ளுதல் தவறு.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

* சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் முற்றிலும் தவிர்க்க வேண்டும். பிஸ்கட், ரொட்டி, ஆரோக்கிய பான மாவு ஆகியவற்றிலும் சோயா கலந்திருக்கும்; உறையின் மீதுள்ள ஒவ்வாமைக் குறிப்பைப் படித்து வாங்குங்கள்.
* ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சாதாரணச் சோயா பால் தரலாகாது. சோயா மாவுப்பால், கேலக்டோசீமியா போன்ற சில நோய்களுக்கு மருத்துவர் பரிந்துரையின் பேரில் மட்டுமே தரப்படுவது; குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றதன்று.
* சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. மீல் மேக்கரும் அந்தக் கணக்கிற்குள் வர வேண்டும்.
* உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயா சாஸைக் குறைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.
* மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினெசோலிட் உட்கொள்பவர்கள், டைரமின் மிகுந்த புளிக்கவைத்த சோயாப் பொருள்களையும் சோயா சாஸையும் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் திடீரென உயரும் வாய்ப்புண்டு.
* வார்ஃபரின் உட்கொள்பவர்கள் உணவில் பெரிய மாற்றம் செய்யுமுன் மருத்துவரிடம் கூறி, இரத்த உறைவுப் பரிசோதனையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வாறு, எவ்வளவு உண்பது?

பச்சைச் சோயாப் பயற்றில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. நன்கு வேகவைத்தால் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். முழுப் பயற்றை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, குக்கரில் குழைய வேகவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடுவதால் வயிற்று உப்புசமும் குறையும். மீல் மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்தெடுத்துச் சமையுங்கள்.

சோயாவில் உள்ள பைட்டேட் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதைச் சிறிது குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவில் எலுமிச்சைச் சாறோ தக்காளியோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும், உண்டவுடன் தேநீர், காப்பி அருந்தாதிருப்பதும் நன்று.

அளவைப் பொறுத்தவரை, ஜப்பானிய முதியோர் தம் அன்றாட உணவின் வழியே பெறும் ஐசோஃபிளேவோன் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம். ஒரு குவளை சோயா பாலில் சுமார் 25 மில்லிகிராம் இருக்கும். ஆகவே மேற்சொன்ன தடைகள் இல்லாத வளர்ந்தவர் ஒருவர், நாளொன்றுக்கு 25 கிராம் மீல் மேக்கரோ ஒரு குவளை சோயா பாலோ தயங்காமல் உட்கொள்ளலாம். அதற்காகப் பருப்பு, சுண்டல், பாசிப்பயறு, தயிர் ஆகியவற்றைக் கைவிட வேண்டாம். புரதம் பல வழிகளில் வருவதே நல்லது. எண்ணெயில் பொரித்த மீல் மேக்கர் பக்கோடாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, தாங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளோடு, வீட்டில் பயன்படுத்தும் புரதத் தூள், மூலிகை மாத்திரை ஆகியவற்றின் உறைகளையும் கொண்டுவாருங்கள். ஓர் உணவை நிறுத்துமுன் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ ஒருமுறை கேளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டிய நிலையிருந்தால், அதற்கு ஈடாக எதை உண்பது என்பதையும் அப்போதே கேட்டறிந்து செல்லுங்கள்.