இல்லாத ஆற்றல் எங்கிருந்து வந்தது?

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கணினி ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, சுருள்வில்லில் மாட்டிய எடையைத் திரையில் ஆடவைப்பது. உராய்வு இல்லையென்று வைத்துக்கொண்டால் அதன் மொத்த ஆற்றல் இம்மியும் மாறக்கூடாது.

வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினி அடியடியாகத்தான் தீர்க்கும். ஆய்லர் காட்டிய வழி எளிது: இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த இடம், இப்போதைய இடத்தை வைத்து அடுத்த வேகம். இடம் 1, வேகம் 0, கால அடி 0.1 என்று தொடங்குங்கள். இடம், வேகம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் ஆற்றலுக்கு ஓர் அளவு கிடைக்கும். தொடக்கத்தில் அது 1. முதல் அடியில் 1.01, அடுத்ததில் 1.0201. கூட்டுவட்டியேதான்! 100 அடியில் 2.7 மடங்கு, 1,000 அடியில் ஏறக்குறைய 21,000 மடங்கு. எடை திரையை விட்டே ஓடிவிடும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். வேகத்தை முதலில் கணக்கிட்டு, அந்தப் புது வேகத்தைக் கொண்டே இடத்தை நகர்த்துங்கள். எத்தனை லட்சம் அடி வைத்தாலும் ஆற்றல் ஏறக்குறைய 0.95-க்கும் 1.05-க்கும் நடுவிலேயே ஊசலாடும். காரணம் இதுதான்: வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, இடத்தையும் வேகத்தையும் பெருக்கி வருவதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். அந்த எண் ஒவ்வோர் அடியிலும் சரியாக 1. காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். உண்மையான ஆற்றலுக்கு மிக அருகில் உள்ள இன்னோர் அளவை இந்த முறை கட்டிக்காக்கிறது. இதற்குச் சிம்ப்ளெக்டிக் முறை என்று பெயர். 1967-இல் லூ வெர்லே 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் ஓடவிட்ட முறையும் இதே குடும்பம்தான்.

'ரங்கே-குட்டா முறை துல்லியமானதாயிற்றே சார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். துல்லியம்தான், குறுகிய ஓட்டத்துக்கு. இதே எடையில், இதே கால அடியில், நான்காம் படி ரங்கே-குட்டா ஒவ்வோர் அடியிலும் துளியினும் துளியாக ஆற்றலைக் கசியவிடும். 10 கோடி அடி கழித்துப் பார்த்தால் கால்வாசிதான் மிச்சம்.

அத்தனை அடி யாருக்கு வேண்டும் என்றால், வானியலாளர்களுக்கு. 2009-இல் ழாக் லாஸ்காரும் மிக்கேல் கஸ்தினோவும் சூரியக் குடும்பத்தின் வருங்காலத்தை 500 கோடி ஆண்டுகளுக்கு, 2,501 முறை கணக்கிட்டார்கள். அடுத்தடுத்த கணக்குகளில் புதனின் தொடக்கப் பாதைக்கு வித்தியாசம் 0.38 மில்லிமீட்டர். ஏறக்குறைய நூற்றில் ஒன்றில் புதனின் பாதை பெரிதும் நீண்டுபோனது. முறையே ஆற்றலைக் கசியவிட்டிருந்தால், பாதையைக் கெடுத்தது இயற்கையா கணக்கா என்று யார் சொல்வது?

ஆற்றலை அச்சுப்பிசகாமல் காக்கும் முறைகளும் உண்டு. ஆனால் நிலையான கால அடியில் அதையும் சிம்ப்ளெக்டிக் தன்மையையும் சேர்த்துப் பெறுவது பொதுவாக முடியாது என்று 1988-இல் கே, மார்ஸ்டன் இருவரும் நிறுவினார்கள். நீண்ட ஓட்டத்துக்கு என் ஓட்டு சிம்ப்ளெக்டிக் முறைக்கே. எதைத் தேர்ந்தாலும், பாதையை வரையும்போது பக்கத்திலேயே ஆற்றலையும் ஒரு கோடாக வரைந்துவிடுங்கள்.