பிரசவத்துக்குப் பிறகு எடை குறையணுமா? பட்டினி வேண்டாம்!

குழந்தை பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள ‘என்ன இப்படி குண்டாயிட்ட?’னு கேட்கிறாங்களா? உடனே ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடாதீங்க. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் 6 மாதங்களில், உங்களுக்குத் தினமும் சுமார் 500 முதல் 600 கலோரி கூடுதலாகத் தேவை. பட்டினி கிடந்தால் சோர்வுதான் மிஞ்சும்.

உத்தமபாளையத்துக்காரங்களுக்கு வழி பக்கத்துலயே இருக்கு. பலகாரம், கூல்டிரிங்ஸுக்குப் பதிலா கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை. இனிப்பு தேடினா கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை. முல்லைப் பெரியாற்றுப் பக்கம் 10 நிமிஷ நடையில் ஆரம்பிச்சு, மெள்ள 30 நிமிஷமாக்குங்க. சிசேரியன்னா டாக்டரிடம் கேட்டுட்டு நடங்க. ரத்தப்போக்கு அதிகமானா உடனே நிறுத்திட்டு அவரைப் பாருங்க. வயித்துல துணி கட்டினா கொழுப்பு கரையாது.

வாரம் அரை கிலோ குறைந்தாலே போதும். 9 மாசமா ஏறிய எடை, 9 வாரத்துல இறங்கணும்னு அவசியமில்லை!