இருட்டை அளக்கும் சாமந்தி

சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது பொம்மிடி. புரட்டாசி பிறந்ததும் இந்தப் பக்கத்துச் சாமந்தித் தோட்டங்களில் மஞ்சள் ஏறத் தொடங்கும். ஆயுதபூஜைக்குச் சரம் சரமாகப் பூ வேண்டும் என்பதால் பறிக்கும் கைகளுக்கு ஓய்விருக்காது.

ஜூன், ஜூலையில் நாற்று நடுகிறார்கள். நான்கு வாரம் கழித்து நுனியைக் கிள்ளிவிட, பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டிருந்த செடி பிறகு எதைக் கண்டு மொட்டு விடுகிறது? வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலான சாமந்தி வகைகளுக்கு முதன்மையான அறிவிப்பு இரவின் நீளம்.

பொம்மிடியில் ஜூன் 21 அன்று பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். டிசம்பர் 21 அன்று 11 மணி 25 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறிய மாற்றத்தையும் செடி தவறாமல் உணர்ந்துவிடுகிறது.

பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்த உறவை 1920-இல் விளக்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும். கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலை ரகம் அவர்களுக்கு வழிகாட்டியது. செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இருட்டை என்பதை 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை வைத்துக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே ஒரு நிமிடம் வெளிச்சம் பட்டாலே அது பூக்கவில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கியபோதோ எந்தப் பாதிப்பும் இல்லை.

இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமிதான் வெளிச்சத்தைக் கண்டறிகிறது. சிவப்பு ஒளி பட்டால் அது விழிப்பு நிலைக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். செடியின் உள்கடிகாரமும் சேர்ந்து, இருட்டு போதுமான நேரம் இடைவிடாமல் நீடித்ததா என்று கணிக்கிறது.

இருட்டை உணர்வது இலை, பூப்பதோ நுனி. செய்தி எப்படிப் போகிறது? 1930-களில் ரஷ்ய அறிஞர் சைலாக்யான் சாமந்தியிலேயே இதைச் சோதித்தார். மேல்பாதி இலைகளை நீக்கிவிட்டு, கீழ்ப்பாதி இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். இலையில்லாத மேல்பகுதி பூத்தது. இலையிலிருந்து நுனிக்குப் போகும் அந்தப் பொருளுக்கு ‘புளோரிஜன்’ என்று பெயரிட்டார். அது ஒரு புரதம் என்பது 2007-இல்தான் உறுதியானது.

கர்நாடகத்தின் சிக்கபல்லாபூர் பகுதியில் சாமந்தி வயல்களில் இரவு நேரத்தில் வரிசையாக பல்பு எரிவது இந்த அறிவால்தான். மொட்டைத் தள்ளிப்போட்டு, செடியை நன்றாக வளரவிட்டு, விலை கிடைக்கும் பருவத்தில் விளக்கை அணைக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்து ஓரத்தில் தெருவிளக்கு இருந்தால் அதன் வெளிச்சம் விழும் பாத்தியைக் கவனியுங்கள். அங்கே பூ தாமதமானால் உரத்தைக் கூட்டுவதற்கு முன் வெளிச்சத்தை மறையுங்கள். பிள்ளைகளிடம் இரண்டு தொட்டிச் சாமந்தியைக் கொடுங்கள். பகலில் இரண்டுக்கும் ஒரே வெயில். இரவில் ஒன்று விளக்கடியில், மற்றொன்று நல்ல இருட்டில். எது முதலில் மொட்டு விடுகிறது என்று அவர்களே பார்த்து எழுதட்டும்.