ஊர்க் கணக்கைக் கேட்கும் உரிமை: திருப்பூர் கிராமங்களும் நாமும்

பனியன் தொழிலை நம்பித் திருப்பூர் வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களும் உண்டு, தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இந்தத் தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1925இல் குலாம் காதர் என்பவர் தொடங்கியதே திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. ஆனால் இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும், நாம் குடியிருக்கும் ஊரை நிர்வகிப்பது யார், அதில் நமக்கு என்ன உரிமை என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் உள்ளாட்சிக்கு வழி திறந்தது. திருப்பூர் 1917இல் நகராட்சி ஆனது. 2008இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானது. 2011இல் வேலம்பாளையம், நல்லூர் ஆகிய இரண்டு நகராட்சிகளும், வீரபாண்டி, நெருப்பெரிச்சல், மண்ணரை போன்ற கிராம ஊராட்சிகளும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. இன்று மாநகராட்சியில் 60 வார்டுகள் உள்ளன. இந்த எல்லைக்கு வெளியே, அவிநாசி முதல் மடத்துக்குளம் வரை 13 ஊராட்சி ஒன்றியங்களில் 265 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் பல இந்தக் கிராமங்களுக்குத்தான் நகர்ந்து செல்கின்றன.

கிராம ஊராட்சியின் வேலை என்ன? குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சாலை, குப்பை அகற்றுதல் ஆகியவை அதன் கடமைகள். அடக்கத்தலமும் சுடுகாடும் இந்தப் பட்டியலில் வருகின்றன. ஒரு கிராமத்தில் புதிதாக மையவாடி அமைக்க வேண்டுமானால் ஊராட்சியின் அனுமதி தேவை. குடியேறி வந்த குடும்பங்கள் ஒரு ஊரில் பத்து, இருபது ஆண்டுகள் நிலைத்துவிட்டால் மையவாடி பற்றிய கேள்வி வந்தே தீரும். ஜனாஸாவை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவதைவிட, முன்கூட்டியே முறைப்படி கோரிக்கை வைப்பது நல்லது.

"நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள், எங்களுக்கு என்ன உரிமை?" என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. வீட்டு வரியை உரிமையாளர் கட்டினாலும், அது நாம் தரும் வாடகையில் அடங்கியிருக்கிறது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொழில் வரி செலுத்த வேண்டும். கம்பெனியில் சம்பளத்தில் பிடிக்கப்படும் இந்த வரி மாநில அரசின் கஜானாவுக்குப் போவதில்லை. கம்பெனி எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் போகிறது. ஆக, கிராமத்துக் கம்பெனியில் டெய்லராகவோ செக்கிங் வேலையிலோ இருந்து இந்த வரி கட்டும் ஒருவர், அந்த ஊராட்சியின் வருமானத்தில் பங்கு கொடுப்பவர்.

அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் இடம்தான் கிராம சபை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த இந்தச் சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் இங்கே வைக்கப்பட வேண்டும். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்த வீதிக்கு விளக்கு என்பதும் இங்கே பேசப்படுகிறது. நமது ஜமாஅத் பொதுக்குழுவில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து கேள்வி கேட்கிறோம் அல்லவா? அதே உரிமைதான் இதுவும்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கையும் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இது பெரிய எண்ணிக்கை அல்ல. ஒரு தெருவிலிருந்து முப்பது பேர் சேர்ந்து போனால் அந்தத் தெருவின் பிரச்சினை தீர்மானமாகிவிட வாய்ப்புண்டு. குடிநீர் வராத நாளில் குடத்தோடு நிற்பவர்கள் பெண்கள். எனவே அவர்களும் வர வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீத இடங்கள் பெண்களுக்கே ஒதுக்கப்படுகின்றன.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. 2016 முதல் 2019 வரையும் இதே நிலைதான் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத காலத்தில், மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்க எஞ்சியிருக்கும் சபை கிராம சபை மட்டுமே. அதையும் நாம் விட்டுவிட்டால் ஊர்க் கணக்கைக் கேட்க ஆளில்லை.

நம்மில் பலருக்குப் பெரிய தடை வாக்காளர் பட்டியல்தான். பெயர் சொந்த ஊரில் இருக்கிறது, வாழ்க்கை திருப்பூரில் நடக்கிறது. அங்கே தேர்தலுக்குப் போக லீவு கிடைப்பதில்லை, இங்கே சபையில் உறுப்பினராகப் பெயர் இல்லை. இரண்டு ஊரிலும் குரல் இல்லாமல் போகிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகை வீடு அதற்குத் தடையில்லை. படிவம் 8ஐ நிரப்பி முகவரியை மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஊரில் உள்ள வீடோ நிலமோ இதனால் பறிபோகாது.

ஆகவே, இந்த மாதமே ஒவ்வொரு குடும்பமும் தம் பெயர்கள் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளன என்று பார்த்துக்கொள்வோம். அடுத்த கிராம சபைத் தேதியைக் குறித்து வைப்போம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கேட்டு வருவோம். பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் அழைத்துச் செல்வோம். அவர்கள் தெருவுக்கும் நம் தெருவுக்கும் வரும் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்துதான் வருகிறது.