பெட்டியைக் கழற்றும் முன்

கம்போங் மேடானிலிருந்து பழைய கிள்ளான் சாலை வழியே போகிறவர்கள், இருபது வயதைத் தாண்டிய பஜேரோக்களையும் பெரோடுவா கெம்பாராக்களையும் இன்றும் பார்க்கலாம். இவற்றில் தரைக்கு அடியில் ‘டொக்’கென்று சத்தம் கேட்டாலோ, டேஷ்போர்டில் சக்கர விளக்கு மின்னிக்கொண்டே இருந்தாலோ, “டிரான்ஸ்பர் கேஸ் போச்சு” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இந்த அவசரம் தவறு. எண்ணெயில் ஊறிச் சுழலும் இரும்புப் பல்சக்கரங்கள் அவ்வளவு எளிதில் போவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய், சுவிட்ச், டயர், எண்ணெய் ஆகியவையே முதலில் மூப்படைகின்றன. சோதனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர்பாக்ஸின் பின்னால் உட்கார்ந்து, எஞ்சின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிட்டுத் தரும் பெட்டி. எது கோளாறு, எது இயல்பு என்பதை அதன் வகைதான் முடிவு செய்கிறது. பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடும். நடுவில் வேகத்தைச் சரிக்கட்ட எதுவும் இல்லை. அதனால் காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி இழுத்துப் பிடித்துக் குலுங்கும். அது நோயே அல்ல. 1998இல் வந்த கெம்பாராவிலோ எப்போதும் நான்கு சக்கர இயக்கம்தான். நடுவில் வேகத்தைச் சரிக்கட்டும் டிஃபரென்ஷியல் ஒன்று இருப்பதால் அது வளைவுகளில் இறுகக் கூடாது, இறுகினால் கோளாறு. இரண்டாம் தலைமுறை பஜேரோவின் ‘சூப்பர் செலக்ட்’ அமைப்பு இரண்டையும் சேர்த்துக் கொண்டது. அதில் 4எச் எனும் நான்கு சக்கர நிலையில் காய்ந்த சாலையிலும் ஓட்டலாம். நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிய பிறகு ஓட்டக் கூடாது.

அந்த பஜேரோவையே சான்றாக எடுத்துக்கொள்வோம். லீவரை 2எச் எனும் இரு சக்கர நிலையிலிருந்து 4எச் நிலைக்குத் தள்ளியதும் முன்சக்கர விளக்குகள் மின்னும். முன் அச்சு இணைந்ததும் நிலையாக எரியும். மின்னுவது நிற்கவில்லை என்றால் இணைப்பு முடியவில்லை என்று பொருள். இதில் லீவரின் வேலை பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முன் அச்சைச் சேர்ப்பது வெற்றிட விசையால் இயங்கும் ஒரு சிறு கருவி. அந்த வெற்றிடம் மெல்லிய ரப்பர் குழாய்களிலும் மின் வால்வுகளிலும் பயணம் செய்கிறது. எஞ்சின் சூட்டோடு நம் ஊர் வெக்கையும் சேர்ந்தால் இந்தக் குழாய்கள் சில ஆண்டுகளில் விறைத்து, முனையில் வெடிக்கும். கைப்பம்ப் ஒன்றை வைத்துக் கருவியில் வெற்றிடம் நிற்கிறதா என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நின்றால் குழாயையும் வால்வையும் தேடலாம். நிற்காவிட்டால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கும். முன் அச்சு உண்மையில் இணைந்தும் விளக்கு மின்னினால், நிலையைச் சொல்லும் சுவிட்சில் பழுது. இந்த மூன்றில் எதற்கும் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

அடுத்த சந்தேக நபர் டயர். புது டயரின் பூ 9 மில்லிமீட்டர் ஆழம், தேய்ந்ததில் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 37 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் இந்த 6 மில்லிமீட்டர் வேறுபாடு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஏழு சுற்று வித்தியாசத்தைக் கொண்டுவரும். முன்னால் இரண்டு புதிது, பின்னால் இரண்டு பழையது என்று மாட்டி, அச்சுகளைப் பூட்டிக் காய்ந்த சாலையில் ஓட்டினால், அந்த ஏழு சுற்றும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். லீவர் திரும்ப வெளியே வர மறுப்பதும் இதனால்தான். சில மீட்டர் பின்னோக்கி ஓட்டியதும் லீவர் எளிதாக விழுந்தால், குற்றவாளி பெட்டி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாவது சாட்சி எண்ணெய். வடிகட்டும் திருகின் காந்தத்தில் நுண்ணிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் செதில்கள் தெரிந்தால்தான் கவலை. பெட்டியில் எண்ணெய் கூடி, கியர்பாக்ஸில் குறைந்திருந்தால், இடையில் உள்ள சீல் கசிகிறது. எண்ணெய் தேத்தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் வண்டியை இறக்கினால், சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்றழுத்தம் குறைந்து, மூச்சுக்குழாய் வழியாகவும் பழைய சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பேரிங்குகளில் துரு ஏறும். அப்போது நல்ல பெட்டியைக் கெடுத்தவர்கள் நாம்தான்.

பெட்டியே குற்றவாளியாகும் நேரமும் உண்டு. பூட்டிய நிலையில் மேட்டில் விசை கொடுக்கும்போது ‘டக் டக்’கென்று அடுத்தடுத்து அடித்தால், உள்ளே உள்ள சங்கிலி நீண்டு பற்களைத் தாண்டுகிறது, திறந்துதான் ஆக வேண்டும். ஒரே ஓர் அடி மட்டும் கேட்டால், முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். இரைச்சல் கேட்டால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் பார்க்கலாம். சத்தமும் கூடவே இடம் மாறினால் அது டயரின் சத்தம்.

இத்தனை சோதனைக்கும் கூலி ஆகும், ஹாஃப்கட் பெட்டியே மலிவு என்று போர்மேன்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாங்கும் பெட்டியின் வரலாறு நமக்குத் தெரியாது. வெடித்த குழாயும் பொருந்தாத டயரும் வண்டியிலேயே இருக்கும். புதிதாக வந்த பெட்டியும் அதே பழியைச் சுமக்கும். நகரத்தில் நான்கு சக்கர இயக்கம் எதற்கு, தொடாமல் விட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். தொடாமல் விடுவதும் ஒரு நோய்தான். சீல் காய்ந்துபோகும், நகரும் தண்டு இறுகிப்போகும். அதனால்தான் டொயோட்டாவின் கையேடுகள், மாதத்துக்குக் குறைந்தது 16 கிலோமீட்டராவது முன் அச்சை இயக்கச் சொல்கின்றன. இறுகப் பிணையும் வகை வண்டிக்கு மழை நனைத்த நேர்ச்சாலையோ மண்பாதையோ ஏற்றது.

ஆகவே பட்டறையில் “பெட்டி என்ன விலை?” என்று கேட்பதற்கு முன், “வெற்றிடம் நிற்கிறதா, நான்கு டயரும் ஒரே அளவா, எண்ணெய் என்ன நிறம்?” என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பெட்டியில் கைவைக்கும் போர்மேனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.