எண்ணும் கை – 14: மூன்று குவியல்

போன வாரம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்கின் பென்சிலோடு நிறுத்தினேன். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் தோணிக்காரர்களிடம் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்த கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு விவரம் கண்ணில் பட்டது. நாலு நாளாக வேறெதிலும் மனசு போகவில்லை.

விவரம் இதுதான். சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், குளியாளிகள் சிப்பி மூட்டைகளைச் சுமந்துபோய் வேலியடைத்த கொட்டகையில் கொட்டுவார்கள். கொட்டிய சிப்பியை அவர்களே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவர்களுக்கு. இதில் என்ன அதிசயம்? எந்தக் குவியல் யாருக்கு என்று பிரிக்கும்போது தெரியாது. பிரித்து முடித்தபிறகு அதிகாரி வந்து, "இது உங்களுக்கு" என்று ஒன்றைக் காட்டுவார்.

இரண்டு தரம் படித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சிப்பி. எதற்குள் முத்து இருக்கிறதென்று தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஆள் போட்டு எண்ணி, சமமாக இருக்கிறதா என்று சரிபார்த்தால் விடிந்துவிடும். எண்ணவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! பிரிக்கும் கை வேறு, எடுக்கும் கை வேறு என்று வைத்தாயிற்று. குவியல் தானாகச் சமமாகிவிடும். நம் வீடுகளில் சொத்து பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் முதலில் எடுக்கும் வழக்கம் உண்டல்லவா, அதேதான். மூன்றில் இரண்டை வாரிக்கொண்ட அரசாங்கத்தை நான் இங்கே மெச்சவில்லை. அது கொள்ளை. ஆனால் கொள்ளையையும் தகராறில்லாமல் நடத்தக் கற்றிருந்தார்கள்.

அரசாங்கத்தின் பங்கைச் சாயங்காலம் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள், ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல். பிறகு முத்தைத் தரம் பிரிக்க 20 துளையில் தொடங்கி 1000 துளைவரை பத்துப் பித்தளைச் சல்லடைகள். அதற்குள் இறங்கினால் இடம் போதாது என்று ஆசிரியர் போனைக் கீழே வைக்கமாட்டார். விடுகிறேன்.

இதற்கும் துறைமுகக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

இந்தியச் சுங்கத்துறையின் கணினி முறை 1995இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. பிறகு துறைமுகம் துறைமுகமாக இறங்கியது. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் எல்லாம் கணினியில் பதியவேண்டும் என்றானது. நல்லது. ஆனால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சான்றிதழ்கள் என்று இணைப்புக் காகிதங்கள் கட்டுக்கட்டாகக் கையோடு போய்க்கொண்டே இருந்தன. அவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும் என்ற 'இ-சஞ்சித்' நாடு முழுக்க வந்தது 2018இல். இடையில் இருபத்துமூன்று வருஷம்.

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவரிடம் இதைக் கேட்டேன். வாசலில் நிழலில் நின்றபடி சிரித்தார். "கம்ப்யூட்டர் வந்தா பேப்பர் ஒழியும்னு சொன்னாவ அண்ணாச்சி. கம்ப்யூட்டரும் இருந்துச்சு, பேப்பரும் இருந்துச்சு. எனக்கு மத்தியானச் சாப்பாடுதான் ஒழிஞ்சுது."

குவியல் கணக்கில் பார்த்தால் விஷயம் விளங்கும். புதிய முறையை வகுத்தவர்கள் தங்கள் மேஜைக்கு எது வரும், அடுத்தவர் தலையில் எது விழும் என்று தெரிந்துகொண்டே பிரித்தார்கள். திரையின் சௌகரியம் ஒரு பக்கம் போனது, இரட்டை வேலை இன்னொரு பக்கம் போனது. சுங்கத்தை மட்டும் சொல்லவில்லை. நாட்டில் முக்கால்வாசி ஆபீஸ்களின் கதை இதுதான். மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் மேலாளர் அதில் ஒரு பில்லாவது தானே பதிந்து பார்ப்பதில்லை. பார்க்கவேண்டியிருந்தால் அந்த இரட்டை வேலை இரண்டு மாசத்தில் போயிருக்கும் என்பது என் கட்சி.

குவியல் தர்மம் சரியாக நடந்த இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சரக்கைத் திறந்து சோதிப்பது என்பதைக் கணினியே பொறுக்கியெடுக்கும் முறை 2005இல் தொடங்கியது. பிறகு 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் ஆரம்பித்து, அக்டோபர் முடிவுக்குள் நாடு முழுக்க முகமறியா மதிப்பீடு வந்தது. தூத்துக்குடியில் இறங்கும் சரக்கின் பில்லை வேறேதோ ஊரில் இருக்கும் அதிகாரி திரையில் பார்த்து வரி மதிப்பிடுவார். பில் போடுகிறவருக்கு எந்த அதிகாரியிடம் போகும் என்று தெரியாது. பார்க்கிற அதிகாரிக்கு இவரைத் தெரியாது. பிரிக்கும் கை வேறு, எடுக்கும் கை வேறு.

ஆனால் முகத்தை எடுத்துவிட்டால் மனிதர்கள் தவித்துப்போகிறார்கள். இங்கேதான் எனக்குக் கடல்கட்டி ஞாபகம் வந்தார்.

கடல்கட்டி என்றால் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கரையில் இருக்கிறார் என்று தெரியாமல் குளியாளிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். இறங்கியவர்களில் பெரும்பகுதி வேதக்காரப் பரவர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பது இதில் சுவாரசியம். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு மந்திரத்தில் துளி நம்பிக்கை கிடையாது. இருந்தும் வெகுகாலம் கடல்கட்டிக்குப் படியளந்தது. அவர் இல்லையென்றால் சலாபமே இல்லை என்று அதற்குத் தெரியும்.

முகமறியா முறையைக் கொண்டுவந்தபோது சுங்கத்துறையும் ஒவ்வொரு துறைமுகத்திலும் 'துரந்த் சுவிதா கேந்திரா' என்று ஒரு கவுன்ட்டர் திறந்தது. உடனடி வசதி மையம் என்று அர்த்தம். பத்திரம் பதிய, அசல் காகிதம் காட்ட, சிக்கல் கேட்க அங்கே போகலாம். கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஆள் இருப்பார். இதைப் பழைய பழக்கத்துக்குக் கொடுத்த சலுகை என்று சிலர் சொல்லக் கேட்டேன். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கவுன்ட்டரை வைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை தெரியும். ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, ஒரு பிரியாணிப் பொட்டலம், மறுநாள் முதல் புது மென்பொருள் என்று நடத்தும் கம்பெனிகள், தங்கள் கடல்கட்டி யாரென்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷமே இருக்கிற யாரோ ஒரு கணக்கராக இருப்பார். முதலில் அனுப்புவதும் அவரைத்தான்.

தோணிக்கு இடம் இல்லாமல் போயிற்று. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணிகளின் சரக்குப் பட்டியல், கார்பன் தாளிலிருந்து திரைக்கு மாறியதில் மூன்று கதைகள் கைவசம் இருக்கின்றன. அடுத்த வாரம் நிச்சயம்.

அதற்குமுன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தோணிச் சரக்குக் கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தபாலில் அனுப்பவும் வேண்டாம். இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பினால் போதும்.