உங்களுக்குத் தெரியுமா? சுடாத கம்பியும் சுடும்!

வலி ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் கேத்தரின் புஷ்நெல் முதலில் ஆராய்ந்தது பார்வையை. அவரும் மைக்கேல் கோல்ட்பர்க், டேவிட் ராபின்சன் இருவரும் 1981-இல் வெளியிட்ட முடிவு இது: ஓரத்தில் தெரியும் ஒளிப்புள்ளியைக் குரங்கு கண்ணைத் திருப்பாமல் கவனித்தாலே போதும், மூளையின் பரைட்டல் பகுதி நரம்பணுக்கள் கூடுதலாகத் துடிக்கின்றன.

பிறகு வலிப் பக்கம் வந்தார். அங்கேதான் வேடிக்கை. 20 டிகிரி, 40 டிகிரி என்று கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் சுரீரென்று எரியும். ஆனால் தனியாகத் தொட்டால் ஒன்று ஜில்லென்று இருக்கும், மற்றது வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சுவீடனின் துன்பெர்க் 1896-இல் கண்ட வித்தை இது. ஆய்வாளர் கிரெய்க், புஷ்நெல் ஆகியோரின் குழு 1996-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. தனித்தனியே தொட்டபோது சும்மா இருந்த முன் சிங்குலேட் பகுதி, சேர்த்துத் தொட்டதும் விழித்துக்கொண்டது!

1997-இல் புஷ்நெல் பங்கேற்ற மாண்ட்ரியால் சோதனை இன்னும் சுவாரசியம். கை அதே வெந்நீரில்தான். ஹிப்னாடிசத்தில் 'வேதனை கூடுகிறது', 'குறைகிறது' என்று சொல்லச் சொல்ல, அதே சிங்குலேட்டின் செயல்பாடும் ஏறி இறங்கியது. தொடுவுணர்வைப் பதியும் பகுதியோ அசைந்துகொடுக்கவில்லை.